பெரிய ரீல்தான் வேண்டும் என்றேன்

குர்ஆனை ஓதி முடித்தால் கேட்டதை வாங்கித் தருவதாக என் தாய்மாமா சொல்லியிருந்தார். என் குணம் தெரிந்தும் அப்படி வாக்குக் கொடுத்தது அவர் தப்பு. கடைசி சூராக்களை நான் ஓதித் தள்ளிய வேகத்தைப் பார்த்து உம்மாவுக்கே சந்தேகம் வந்தது. ஓதி முடித்த கையோடு, எனக்குத் தூண்டில் ரீல் வேண்டும் என்று சொன்னேன்.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினோரு வயது. பழவேற்காட்டு ஏரிக்கு அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு துரை வருவார். அவருடைய கம்பின் மேல் தூண்டில் நரம்பு சுற்றிய ஓர் உருளை, அதுதான் ரீல், குறுக்காகப் படுத்திருக்கும். அதன்மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டு அவர் வீசினால், ஈயக் குண்டு எங்கேயோ போய் விழும். மூங்கில் குச்சியோடு கரையில் நின்ற எனக்கு வயிறெரியும்.

பொன்னேரி வரைக்கும் மாட்டு வண்டி, அங்கிருந்து ரயில் என்று மாமா என்னைப் பட்டணத்துக்குக் கூட்டிப் போனார். மாமாவுக்கு மீனைத் தட்டில் பார்த்துத்தான் பழக்கம். ஆனாலும் பழைய சாமான் கடையில் ஒவ்வொரு ரீலையும் காதருகே வைத்து, கடிகாரம் வாங்குகிறவரைப் போலக் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று என் உள்ளங்கைக்குள் அடங்கும். கறுத்துப்போய், பார்க்க ஒன்றுமில்லாதது. மற்றது பித்தளை. ஒரு தட்டுத் தட்டினால் ஓடிக்கொண்டே இருந்தது.

"மொத ரீலுன்னா சின்னதே எடுத்துக்க தம்பி," என்றார் கடைக்காரர். "இது சொன்ன பேச்சு கேக்கும். பெருசு ஓடிக்கினே இருக்கும். கட்ட விரல அழுத்தி நிறுத்தத் தெரிலன்னா கயிறு குருவிக்கூடு ஆயிடும், பேஜாரு."

மாமாவும் சின்னதையே காட்டினார். பெரியது எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டேன். துரைங்க அதைத்தான் வாங்குவாங்க என்று கடைக்காரர் உண்மையைச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு யார் பேச்சும் என் காதில் ஏறவில்லை. கடை வாசலிலேயே கண்ணைக் கசக்கினேன். மாமா பெரியதையே வாங்கித் தந்தார், அதற்கேற்ற கம்பும் தங்கூசி என்கிற புது நைலான் நரம்பும் சேர்த்து.

கடைக்காரர் சொன்ன குருவிக்கூடு முதல் நாளே வந்தது. நரம்பின் சிக்கலை எடுக்கவே பொழுது போய்விட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் காற்றைத் திட்டினேன். என் கூடவே உட்கார்ந்து சிக்கெடுத்தவன் என் வகுப்புத் தோழன், ஒரு மீனவரின் மகன். அவன் அப்பா பிடிக்கும் இறாலை எடுக்கும் வியாபாரி என் வாப்பாதான். ஒரு தடவையாவது வீசிப் பார்க்க அவனுக்கு ஆசை இருந்திருக்கும். அவன் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. நல்ல நீரோட்டமுள்ள இடங்களை மீனவக் குடும்பங்கள் முறை வைத்துக்கொள்ளும். அதற்குப் பாடு என்று பெயர். இன்று ஒரு வீட்டுப் பாடு என்றால், எல்லார் முறையும் சுற்றி வந்த பிறகுதான் மறுபடி அவர்களுக்கு அந்த இடம். இது ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஒரு வாரத்தில் விரல் கொஞ்சம் பழகியது. வற்றம் என்கிற ஓத இறக்கத்தில் ஏரித் தண்ணீர் கடல் பக்கம் இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், கழி நட்டுக் கட்டியிருந்த வலைப் பக்கமாகத் திரும்பி நின்றேன்.

"அந்தாண்ட போடாதடா. இன்னிக்கு எங்க பாடு, வல கட்டிக் கீது," என்றான் அவன்.

வலைக்கு இந்தப் பக்கமே விழ வைப்பேன் என்று வீம்பு பேசி, முழு பலத்தோடு வீசினேன். விரலை அழுத்த மறந்துபோனேன். குண்டு வலைக்குள் போய் விழுந்து, கொக்கி மாட்டிக்கொண்டது.

"இழுக்காத, நரம்ப அறுத்துடு. நைனா படகுல வருவாரு, கொக்கிய எடுத்துத் தருவாரு," என்று கத்தியை நீட்டினான்.

அறுத்திருக்கலாம். ஆனால் அத்தனை நீளப் புது நரம்பும் போய்விடுமே என்றுதான் எனக்குத் தோன்றியது. கைப்பிடியைச் சுற்றினேன். கழி சாய்ந்தது. கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்து இழுத்தேன். வலை கிழிந்து அடிப்பக்கம் மேலே வந்தது. அந்த வழியாக இறால்கள் துள்ளித் துள்ளி வெளியே போயின. கடைசியில் நரம்பும் அறுந்தது. அவன் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கிக் கிழிசலை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "நைனா, நைனா" என்று கூப்பிட்டான். நான் ரீலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டேன். எழுதும்போதே கை கூசுகிறது.

சாயங்காலம் அவன் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் வாசற்படிக்குக் கீழேயே நின்று, கொக்கியையும் ஈயக் குண்டையும் வாப்பாவிடம் கொடுத்தார்.

"வலைல கெடந்துது பாய். தம்பிதுன்னு பையன் சொன்னான்."

"வல கிழிஞ்சிச்சா இன்னா?" என்று கேட்டார் வாப்பா.

"பழைய வல பாய். நண்டு கூடத்தான் கிழிக்குது. தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க." சொல்லிவிட்டு, இலையில் மடித்த ஒரு பொட்டலத்தைப் படியில் வைத்தார். "ஊட்டுக்குக் கொஞ்சம் இறாலு."

வாப்பா சிரித்தார். அவரும் சிரித்தார். அவன் அப்பாவுக்குக் கோபமே இல்லை என்று எனக்கு உயிர் வந்தது. மறுநாள் பள்ளியில் அவன் வேறு பெஞ்சியில் போய் உட்கார்ந்தபோது, அப்பாவுக்கே இல்லாத கோபம் இவனுக்கென்ன என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

என் வாப்பாவிடம் இறால் விற்கிறவர் என் வாப்பாவின் மகன்மேல் கோபப்பட முடியாது என்பதும், அவர்களுடைய பாடு வந்த அன்று வலையில் மிஞ்சியதே அந்தப் பொட்டலம்தான் என்பதும் அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. உம்மா அதைக் காரமாகப் பொரித்து வைத்திருந்தார். நான் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.