மூடி கழற்றாத கமராக்கள்

வளர்ந்த மனிதர் இருவர், மூடியைக் கழற்றாமலே கமராவை அமத்தி, வந்த கறுப்புப் படங்களை இணையத்தில் போட்டு, யாருடைய கறுப்பு நல்ல கறுப்பு என்று மூன்று கிழமை சண்டை பிடித்ததை நான் வவுனியாவில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒருவர் ரொறன்ரோவில் இருந்தார், மற்றவர் பாரிஸில். இருவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் ஒரு படத்தைக்கூட அவர்கள் அங்கே போட்டு நான் காணவில்லை. போட்டதெல்லாம் செங்கல் சுவர், புத்தக அலுமாரி, மூலையில் மடித்த துவாய், கடைசியில் இந்தக் கறுப்பு.

அது 2004. நாட்டில் போர் ஓய்ந்திருந்த காலம். நான் சித்தப்பாவின் ஸ்ரூடியோவில் வேலை செய்தேன். சுவிஸில் இருந்த மச்சான் ஒரு டிஜிட்டல் கமரா அனுப்பினார். சித்தப்பா அதை வாங்கிப் பார்த்து, பிலிம் போட இடமில்லாத சாமானை வைத்து என்ன செய்வது என்று என்னிடம் தந்துவிட்டார். அப்படித்தான் அது எனக்கு வந்தது.

படம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் ரியூப் லைற் வெளிச்சத்தில் கறுத்த முகங்களை எடுத்தால் கன்னத்தில் சிவப்பும் பச்சையுமாகப் பொட்டுகள் தெரிந்தன. எங்களிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வெயிலில் வேலை செய்கிற சனம். அம்மை போட்ட மாதிரி இருக்கிறது என்று ஒருவர் படத்தைத் திருப்பித் தந்துவிட்டார். அதனால்தான் நெற் கபேக்குப் போய்த் தேடினேன். வெளிநாட்டுத் தமிழர்கள் படப்பிடிப்பைப் பற்றி எழுதுகிற ஓர் இணையக் களம் அகப்பட்டது. ஓர் இரவல் பெயரில் என் கேள்வியை எழுதினேன்.

ரொறன்ரோக்காரர்தான் முதலில் பதில் போட்டார். "தம்பி, முதலில உங்கட சென்சர் என்ன ரகம் எண்டு சொல்லுங்கோ."

நான் தம்பி அல்ல என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழைய கமராவில் பிலிம் இருக்கும் இடத்தில் புதியதில் சென்சர் என்ற சின்னச் சில்லு இருக்கிறது, வெளிச்சம் அதில்தான் விழுகிறது, அதில் இரண்டு ரகம் உண்டு என்பதெல்லாம் அன்றுதான் தெரிந்தது. ரொறன்ரோக்காரர் ஒரு ரகத்தின் கட்சி, பாரிஸ்காரர் மற்றதன் கட்சி. என் கேள்விக்குக் கீழே இருவரும் ஒருவர்மேல் ஒருவர் ஏறி விழுந்தார்கள். யாருடைய சென்சரில் பொட்டுக் குறைவு என்று காட்டத்தான் அந்தச் சுவரும் துவாயும் கறுப்பும். பக்கம் பக்கமாகப் போனது. ஒவ்வொரு படமும் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கி முடிப்பதற்குள் நான் ஒரு தேத்தண்ணி குடித்துவிடுவேன். இறங்கி முடிந்தால் செங்கல் சுவர்.

ஒருநாள் கரண்ட் போய்விட்டது. படம் எடுக்க வந்த ஆள் கதிரையில் காத்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் பின்கதவைத் திறந்து, அவரைக் கதவுப் பக்கம் திருப்பி, வந்த வெயில் வெளிச்சத்தில் எடுத்தேன். கன்னத்தில் ஒரு பொட்டும் இல்லை. ஓடிப்போய்க் களத்தில் எழுதினேன்.

"அது தீர்வு இல்லை தம்பி," என்று எழுதினார் பாரிஸ்காரர். "அது தப்பிக்கிறது." ரொறன்ரோக்காரரும் ஆமோதித்தார். அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அன்றே நான் அந்தப் பக்கம் போவதை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. எனக்கும் அந்தக் கிறுக்குப் பிடித்திருந்தது. யாழ்ப்பாணத்துக்குக்கூட ஒழுங்காகப் போய்வராத என்னை ரொறன்ரோவும் பாரிஸும் தம்பி என்று கூப்பிட்டுக் கதைத்தது எனக்குப் பெருமையாக இருந்தது. கறுத்த தோலில் யாராவது ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தால்தான் முடிவு சொல்லலாம் என்று ரொறன்ரோக்காரர் எழுதியபோது, நான் செய்கிறேன் என்றேன்.

அடுத்த நாள் கனகராயன்குளத்தில் இருந்து ஒரு பெண் வந்தா. மலையகத்தில் பிறந்து, எழுபதுகளில் பெற்றோரோடு வன்னிக்கு வந்து குடியேறியவ. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகக் கடவுச்சீட்டுப் படம் வேண்டும் என்றா. ஐந்து நிமிட வேலை. பின்கதவைத் திறந்தால் முடிந்தது. நான் திறக்கவில்லை. கதவை இறுக்கிச் சாத்தி, ரியூப் லைற்றின் கீழ் அவவை இருத்தி, கமராவின் ஐ.எஸ்.ஓ என்கிற உணர்திறனை ஒவ்வொரு படியாகக் கூட்டிக் கூட்டி எடுத்தேன். பிறகு குறைத்துக் குறைத்து எடுத்தேன். ஒன்றரை மணித்தியாலம்.

நடுவில் அவ கேட்டா: "ஏம்மா, என் மூஞ்சி சரியா வரலியா?"

"இல்லை, அப்படி ஒண்டுமில்லை. ஆடாம இருங்கோ."

கொஞ்ச நேரத்தில் தானாகவே எழும்பிப் பின்னால் பைப்படிக்குப் போய் முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, இன்னும் கொஞ்சம் பவுடர் பூசிக்கொண்டு வந்து இருந்தா. "இப்பப் பாருங்கம்மா. வெயில்ல நின்னு நின்னு ரொம்பக் கறுத்துட்டேன்."

பவுடர் பூசினால் சோதனை பிழைக்கும் என்று நான் அதைத் துடைக்கச் சொன்னேன். அவ துடைத்தா.

சோதனைச் சாவடி மூடுவதற்குள் கனகராயன்குளம் போகிற கடைசி பஸ் அதற்குள் போய்விட்டது. பஸ் நிலையத்து வாங்கில் படுத்து விடியப் போனதாக, படத்தை வாங்க மறுபடி வந்த அன்று சொன்னா. குறையாகச் சொல்லவில்லை. பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னா.

அவவின் கன்னத்தை மட்டும் வெட்டி நான் களத்தில் போட்டேன். அவர்கள் அதைப் பெருப்பித்து வட்டம் போட்டார்கள், அம்புக்குறி போட்டார்கள். "அருமையான சாம்பிள், தம்பி" என்று ரொறன்ரோக்காரர் எழுதினார். அதை வாசித்து நான் சந்தோசப்பட்டேன். அவர்களைப் பற்றி நான் சொல்லுகிற எல்லாவற்றுக்கும் முன்னால் இதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வருடம் ரொறன்ரோக்காரர் நேரே வந்து இறங்கினார். முதுகில் ஒரு பை, நெஞ்சில் ஒரு பை, கையில்லாத சட்டை முழுக்கப் பொக்கற்றுகள்.

"தம்பி நிக்கிறாரோ?"

"எந்தத் தம்பி?"

"இஞ்ச இருந்து களத்தில எழுதிறவர். கறுத்தத் தோல் சாம்பிள் போட்டவர்."

"அது நான்தான்."

அவர் எனக்குப் பின்னால் பார்த்தார், இன்னும் யாராவது வருவார்கள் என்று. பிறகு, "அப்ப கமராவை அமத்திறது ஆர்?" என்றார்.

அன்று நான் தண்ணீரூற்று என்ற ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு முஸ்லிம் குடும்பம், தொண்ணூறில் வடக்கை விட்டு முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோது போனவர்கள், திரும்பி வந்து இடிந்த வீட்டுக்குக் கூரை போட்டிருந்தார்கள். அந்த முற்றத்தில் எல்லோரும் நிற்கிற ஒரு படம் வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். பெண்கள் நிற்கிற படமாகையால் பெண்பிள்ளை வந்து எடுக்கட்டும் என்றும் சொல்லியிருந்தார். ரொறன்ரோக்காரர் தன்னிடம் வான் இருக்கிறது, தானும் வருகிறேன் என்றார். பஸ்ஸில் போனால் நாள் முழுக்கப் போய்விடும். ஏறினேன். வழி முழுக்கச் சென்சர் கதைதான். சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டச் சொன்னபோது, தூசி படும் என்று அவர் காவலுக்கு நின்றவனோடேயே சண்டைக்குப் போனார். நான்தான் இறங்கி மன்றாடி அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

வீட்டுக்காரருக்கு எழுபது வயதிருக்கும். கடை வைத்திருந்தவர். எங்களுக்குக் கதிரை போட்டார். ஆண்கள் மட்டும் நிற்கிற படத்தை இவர் எடுக்கட்டும் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். ரொறன்ரோக்காரர் பையில் இருந்து நிறக்கட்டம் போட்ட ஒரு மட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இது என்னத்துக்குத் தம்பி?"

"நெஞ்சுக்கு நேர பிடியுங்கோ ஐயா. உங்கட நிறம் சரியா வருதோ எண்டு பாக்க."

"என்ர நிறம் எனக்குத் தெரியும்," என்று கிழவர் மட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் மகன்மார் வெயிலில் நின்றார்கள். இவர் ஒரு லென்சைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டினார். அந்த நேரம் பார்த்து றோட்டால் ஒரு உழவு இயந்திரம் போனது. செம்மண் தூசி எழும்பி முற்றத்துக்குள் வந்தது. கமராவின் வாய் திறந்தபடி இருந்தது.

"ஐயோ! சென்சர்! சென்சர்!" என்று கத்திக்கொண்டு அவர் கமராவை வயிற்றோடு அணைத்துக் குனிந்தார். பாம்பு கடித்துவிட்டதாக நினைத்து வீட்டுக்குள் இருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். தண்ணீரைக் கண்டதும் அவர் இன்னும் பலமாகக் கத்தினார். பிறகு வானுக்குள் போய்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கமராவைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். ஒரு படமும் எடுக்கவில்லை.

அவர் போனது வசதியாகப் போயிற்று. பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றார்கள். வீட்டுக்காரரின் மனைவி மட்டும் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் நிற்பேன் என்றா. பழைய வீட்டில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு சுவர்தான்.

"எல்லாரும் நிக்கிறம் மகள், எடுங்கோ," என்றார் கிழவர்.

மூன்று படம் எடுத்தேன். இரண்டாவதில் எல்லோருடைய கண்ணும் திறந்திருந்தது. அந்த அம்மாவின் உள்ளங்கை சுவரில் பதிந்திருப்பது நன்றாகத் தெரிந்தது. திரும்பி வரும்போது ரொறன்ரோக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "என்ன ஐ.எஸ்.ஓவில எடுத்தனீர்?"

அவர் ரொறன்ரோவுக்குத் திரும்பிப் போய்க் களத்தில் பயணக்கட்டுரை எழுதினார். தலைப்பு, சென்சர் தூசி: வன்னி அனுபவம். வெறும் வானத்தை எடுத்த எட்டுப் படங்கள். ஒவ்வொன்றிலும் எங்கெங்கே தூசிப் புள்ளி என்று அம்புக்குறி. அந்த வீட்டைப் பற்றி ஒரு வரி: "உள்ளூர்க் குடும்பம் ஒன்றை எடுக்கப் போன இடத்தில்." கீழே எல்லோரும் அனுதாபம் தெரிவித்திருந்தார்கள், சென்சருக்கு.

நான் இரவல் பெயருக்குப் பின்னால் நிற்காமல், பெண் என்று சொல்லியே எழுதினேன். அந்தக் குடும்பம் எப்போது போனது, எப்போது வந்தது, எந்தச் சுவர் மிஞ்சியது என்று எழுதினேன். ஒரு மணித்தியாலத்தில் களத்தை நடத்துகிறவர்களிடம் இருந்து பதில் வந்தது. "அக்கா, இது தொழில்நுட்பப் பகுதி. இந்தக் கதையளைப் பொதுப் பகுதியில போடுங்கோ." நேற்றுவரை தம்பி, இன்றைக்கு அக்கா. என் பதிவைத் தாங்களே தூக்கிப் பொதுப் பகுதியில் போட்டும் விட்டார்கள். அங்கே அதற்கு மேலே ஒரு கறி வைக்கும் முறையும் கீழே ஒரு வாழ்த்தும் இருந்தன. அன்றோடு நான் அங்கே எழுதுவதை விட்டேன்.

2009இல் ஒருமுறை மட்டும் திறந்து பார்த்தேன். அப்போது வவுனியாவைச் சுற்றி, போரில் தப்பி வந்த சனத்தை அடைத்த முகாம்கள். சனம் அடையாள அட்டைப் பிரதியையும் கிழிந்த படங்களையும் கொண்டுவந்து பெருப்பித்துத் தரச்சொல்லிக் கேட்டது, காணாமற்போனவர்களைத் தேட. அப்படி வந்த ஒரு தாயைக் கூட்டிக்கொண்டு, லண்டனில் இருக்கும் அவவின் தம்பிக்கு மகனுடைய படத்தை அனுப்ப நெற் கபேக்குப் போயிருந்தேன். படம் ஏறும்வரை பார்க்கலாம் என்று களத்தைத் திறந்தேன். முதற்பக்கத்தில் இருட்டில் எரியும் ஒரு மெழுகுதிரிப் படம். எங்கள் சனத்துக்காக என்று பாரிஸ்காரர் போட்டிருந்தார். கீழே முதலாவது பதில் ரொறன்ரோக்காரருடையது. சுடரின் நடுப்பகுதி வெளுத்துவிட்டது, இருட்டிலும் பொட்டுகள் தெரிகின்றன, இந்தச் சென்சரின் குறை இதுதான் என்று தான் அப்போதே சொன்னதாக எழுதியிருந்தார். பாரிஸ்காரர் விடுவாரா? இரண்டாம் பக்கம் தொடங்கியிருந்தது.

மூடினேன். மகனின் படம் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அந்த அம்மா கதிரையின் நுனியில் இருந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தா.

"படம் போயிட்டுதோ பிள்ளை?"

"இன்னும் கொஞ்சம் கிடக்கு அம்மா," என்றேன்.