திரையில் தெரிந்த நடுக்கம்

எண்பதுகளின் கடைசி. குர்லாவில் ஒரு சிறிய அச்சகத்தில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். என் வலது கை நடுங்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அது யாருக்கும் தெரியாது, என் வீட்டுக்காரர் உட்பட. டைப்ரைட்டரில் ஓங்கித்தான் அடிக்க வேண்டும். அந்த வேகத்தில் நடுக்கம் மறைந்துவிடும். டீயை மட்டும் எல்லோரும் எழுந்துபோன பிறகு, இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பேன்.

அந்த மழைக்காலத்தில் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். சொல்லிக்கொடுக்க மாட்டுங்காவிலிருந்து ஒரு பெண் வந்தாள். முன்னால் ஒயர் நீண்டிருந்த, சோப்புக்கட்டி அளவுப் பெட்டி ஒன்றை மேஜையில் வைத்தாள்.

"இதுக்குப் பேர் மவுஸ், மாமி. பயப்படாதீங்கோ." அதைக் கவிழ்த்து அடியிலிருந்த உருண்டையைக் காட்டினாள். "நீங்க நகத்தினா இது உருளும். இது எந்தப் பக்கம் உருள்றதோ, ஸ்க்ரீன்ல அம்பும் அந்தப் பக்கம் போகும். வேணுங்கற படத்து மேல நிறுத்தி, டக்டக்னு ரெண்டு தடவை பொத்தானை அமுக்கினா திறக்கும். அமுக்கிப் பிடிச்சுண்டே நகத்தினா, படம் கூடவே வரும். மேஜையில இடம் போறலையா, தூக்கி இந்தண்டை வெச்சுக்கலாம்."

நான் கையை வைத்தேன். நகர்த்தவே இல்லை. ஆனால் திரையில் அம்பு துடித்தது.

இரண்டு தடவை அமுக்கினேன். முதல் அமுக்கலிலேயே கை இழுத்துக்கொண்டது. திறக்க வேண்டிய படம் ஓரத்துக்கு ஓடியது. மறுபடியும் அதேதான். பின்னால் முதலாளியும், அச்சு மெஷின் ஓட்டும் மெஷின்காரரும் நின்றிருந்தார்கள்.

"மஷீன் கராப் ஹை க்யா?" என்றார் முதலாளி. கெட்டுப்போன மெஷினைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்று அவருக்குக் கவலை.

அந்தப் பெண் மவுஸைத் திறந்து, உருண்டையை எடுத்துத் துடைத்து, திரும்பப் போட்டாள். பிறகு தானே நகர்த்திப் பார்த்தாள். அம்பு வழுக்கிக்கொண்டு போய், நிறுத்திய இடத்தில் அசையாமல் நின்றது. எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நான் அதை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் இடது கையால் முயன்றேன். அதுவும் நடுங்க ஆரம்பித்திருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. என் அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. கடைசி வருடங்களில் அம்மாதான் அவருக்கு ஊட்டிவிட்டாள். கம்ப்யூட்டர் வந்த அந்த வருடம் எனக்கு முப்பத்தெட்டு வயதுதான்.

திலக் நகர் வீட்டில் அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தாராவியில் தோல் பட்டறை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்.

"ரெண்டு வருசமாவா? எங்கிட்ட ஏம்ட்டி சொல்லல?"

"சொன்னா நெசமாயிரும்னு பயந்துட்டேன்."

என் கையைப் பிடித்துப் பார்த்தார். அவர் பிடிக்குள்ளும் அது ஆடியது. "டாக்டர்ட்ட காட்டுவோம்" என்றார்.

மாத்திரையால் கொஞ்சம் குறையலாம், குணமாகாது, வயதோடு கூடும் என்றார் டாக்டர்.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. கம்ப்யூட்டருக்கு வேறொரு பெண் வந்தாள், டைப்ரைட்டரை விற்றுவிட்டார்கள். எனக்குக் கவர் ஒட்டும் வேலை கொடுத்தார்கள். ஒட்டியதெல்லாம் கோணல். நான் எழுந்த பிறகு மெஷின்காரர் அவற்றைச் சத்தமில்லாமல் பிரித்து ஒட்டுவதை ஒருநாள் பார்த்துவிட்டேன்.

அன்று மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் ஸ்டேஷனுக்கு வந்தேன். வீட்டுக்குப் போகும் வண்டிகள் மூன்று வந்து போயின. ஏறவில்லை. போய் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.