குட்டையில் இறங்கிய ஜீப்

நான் பெங்களூர் காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவன். கன்னடம் எனக்குத் தமிழைப் போலவே வரும். வைட்ஃபீல்ட் ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் மூவரும் மதுரைப் பக்கம். அவர்களுக்குக் கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. போன கோடையில் நால்வரும் ஒரு ஃபோர்-வீல் டிரைவ் ஜீப்பில், கூடாரம் அடித்துத் தங்குவதற்காக மலைக்காட்டுப் பக்கம் போனோம்.

வழியில் ஒரு குட்டை. அதில் ஜீப்பை இறக்கி வீடியோ எடுக்க, மூவரில் ஒருவனான கார்த்திக்குக்குக் கொள்ளை ஆசை. அங்கே தண்ணீர் மொண்டுகொண்டிருந்த ஒரு பெண் என்னிடம் வந்து, வண்டியை இறக்காதீர்கள், எங்கள் ஊருக்குக் குடிக்க இது ஒன்றுதான் என்று கன்னடத்தில் சொன்னார். "ஆயித்தம்மா, சரி" என்றேன். நம்பிக் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்.

"என்னடா சொன்னாங்க?" என்றான் கார்த்திக்.

அவன் உற்சாகத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. "ஆழமில்லையாம், தாராளமா இறக்கலாமாம்" என்றேன். ஆறு முறை இறக்கி ஏற்றினோம். சேறு ஜீப் கூரை வரை தெறித்தது.

மறுநாள் காலை திரும்பும்போது அந்தப் பெண் காலிக் குடத்தோடு கரையில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் இன்னும் தெளியவில்லை. ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போனேன். அவர் திட்டவில்லை. "நிமகே கன்னடா பருத்தே அல்வா?" என்று மட்டும் கேட்டார். உங்களுக்குக் கன்னடம் தெரியும்தானே? தலையை மட்டும் ஆட்டினேன். மன்னிப்புக் கேட்காமலே திரும்பி வந்து ஜீப்பில் ஏறினேன்.

"என்ன மச்சான் கேட்டாங்க?" என்றான் கார்த்திக்.

"எந்த ஊருன்னு கேட்டாங்க" என்றேன்.

நண்பர்கள் இன்றும் அந்த வீடியோவைப் போட்டுச் சிரிக்கிறார்கள். அவர்கள் தெரியாமல் செய்தார்கள். தெரிந்தே செய்த நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன்.