ஒட்டகம் ஏறாதவர்களின் அறை

என் மனைவி அந்தப் பயணத்தில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். யாரும் கதவைத் தட்டாமல், தானாகக் கண் விழிக்கும்வரை, ஒரு காலையாவது தூங்க வேண்டும்.

பாரிஸில் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் அவள் அறைகளைத் துப்புரவு செய்கிறாள். விடியுமுன், நாங்கள் குடியிருக்கும் புறநகரான கார்ஜில் ரயில் ஏற வேண்டும். ஒவ்வொரு கதவையும் தட்டி, குரல் கொடுத்து, பதில் வராவிட்டால்தான் உள்ளே போகலாம். விடுமுறை நாளிலும் உடம்பு அதே நேரத்துக்கு எழும்பிவிடும்.

நாங்கள் போனது பெப்ரவரியில். ஜனவரி என்று அவள் இன்றும் வாதிடுகிறாள். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலின் கடைவாசல்களில் பொங்கல் பானைகளை விலை குறைத்துப் போட்டிருந்த வாரத்தில்தான் நான் டிக்கெட் எடுத்தேன். விசா அதற்குப் பிறகுதான் வந்தது. ஆகவே ஜனவரியாக இருக்க வழியில்லை.

எங்கள் ஈழத்து ஆட்கள் இந்தியா போவது கோயிலுக்கும் கலியாணச் சீலைக்கும். சென்னையில் இறங்கிய மறுநாளே சொந்தக்காரர் வந்து குந்திவிடுவார்கள். அவள் சமைக்கக் குசினிக்குள் போய்விடுவாள். அதனால்தான் எங்களை ஒருவருக்கும் தெரியாத ராஜஸ்தானைத் தேர்ந்தேன்.

“அங்கை பாலைவன ஊர் ஒண்டிலை, கோட்டைக்குள்ளை கெஸ்ட் ஹவுஸ் இருக்கு அண்ணை, அறை வாடகை சும்மா மாதிரி,” என்றார் டிக்கெட் கடைக்காரர். “ஆனா மணல் பாக்க ஏன் இவ்வளவு தூரம்?”

“பாக்க இல்லை. படுக்க.”

“படுக்கிறதெண்டா இஞ்சை பாரிசுக்குப் பக்கத்திலை, பொண்டியிலை என்ரை வீட்டு மேலறை சும்மாதானே கிடக்கு!”

அறை ஏன் சும்மா மாதிரிக் கிடைக்கிறது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அந்த ஊரின் பழைய ஒட்டக வணிகப் பாதைகளைப் பற்றி நான் நிறைய வாசித்திருந்தேன். இன்றைய அறைக்கும் ஒட்டகத்துக்கும் உள்ள உறவை எந்தப் புத்தகத்திலும் காணவில்லை. அறையில் அவர்களுக்கு லாபம் கிடையாது. வருகிறவர்களை ஒட்டகச் சவாரிக்கு அனுப்பித்தான் பிழைக்கிறார்கள். ஏற மாட்டேன் என்பவன் அவர்கள் கணக்கில் விருந்தாளியே அல்ல.

பெட்டியை இறக்கிய மாலையே மனேஜர் வந்து தட்டினான். ஆங்கிலத்தில், சிரித்த முகத்தோடு: “நாளைக் காலை சூரிய உதயம், சார். ஒட்டகம், தேநீர், எல்லாம் சேர்த்து.”

“வேண்டாம். நாங்கள் தூங்கப் போகிறோம்.”

“பாலைவனத்துக்கு வந்து யாராவது தூங்குவார்களா, சார்?”

மறுநாள் இருட்டோடு மறுபடியும் தட்டினான். ஜீப் நிற்கிறதாம், இரண்டு இடம் காலியாம். நான் எழுந்திருக்கவில்லை, அவள் எழுந்துவிட்டாள். கண்கள் மூடியபடியே, “வுய் மதாம், ஜரீவ்!” என்று குரல் கொடுத்து, கால்களால் சப்பாத்தைத் தேடினாள். ‘இதோ வந்துவிட்டேன், அம்மா’ என்று பாரிஸில் மேற்பார்வைக்காரிக்குச் சொல்லும் பதில் அது. நாலாயிரம் மைலுக்கு அப்பாலும் அவளை அந்த வேலை விடவில்லை.

கதவைத் திறந்து தமிழில் கத்தினேன். அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கோபம் மட்டும் விளங்கியிருக்கும். சிரிப்பை மடித்து வைத்துவிட்டுச் சொன்னான்: “ஒட்டகம் இல்லையென்றால் அறை இல்லை, சார். பத்து மணிக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள்.”

“என்னவாம்?” என்று அவள் உள்ளிருந்து கேட்டாள்.

“ஒண்டுமில்லை. நீர் படும், நித்திரை கொள்ளும்.”

“வெளிக்கிடச் சொல்றானோ?”

“படும் எண்டு சொன்னனான்!”

“அதுக்கேன் என்னட்டைக் கத்திறியள்? அவனட்டைக் கத்துங்கோ,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

கதவைச் சாத்தி, வெளியே படிக்கட்டில் குறுக்கே குந்தினேன். வெயில் ஏறியது. மனேஜர் இரண்டு முறை வந்து என்னைத் தாண்டப் பார்த்தான். நான் காலை மடக்கவில்லை. பொலிசைக் கூப்பிடுவேன் என்றான். கூப்பிடு, ஆனால் மெதுவாகப் பேசச் சொல் என்றேன்.

சொன்னபடியே முதுகுப் பைகளோடு ஓர் இளம் சோடி வந்தது. பிரெஞ்சுக்காரர். அந்தப் பெண் என்னை வேலையாள் என்று நினைத்து, உடைந்த ஆங்கிலத்தில், “அறை தயாரா?” என்றாள்.

பிரெஞ்சிலேயே பதில் சொன்னேன்: “இல்லை, மதாம். என் மனைவி தூங்குகிறாள். பாரிஸில் ஹோட்டல் அறைகள் துப்புரவு செய்கிறவள்.”

முகம் சிவந்தது அவளுக்கு. ஆனாலும் கேட்டாள்: “அதிக நேரம் ஆகுமா? நாங்கள் ஏற்கெனவே பதிவு செய்துவிட்டோம்.”

“விழிக்கும்வரை ஆகும்.”

அவளோடு வந்த பொடியன் பையைக் கழற்றி, எனக்குக் கீழே இரண்டு படி தள்ளிக் குந்தினான். அவள் நின்றபடி கைபேசியை நோண்டினாள். மனேஜர் அவர்களிடம் ஒட்டகத்தின் படங்களைக் காட்டத் தொடங்கினான். அவன் குரல் கொஞ்சம் உயர்ந்தாலும் நான் கையைத் தூக்கி அடக்கினேன். அந்தக் காலை முழுவதும் ஒருவரையும் அந்தக் கதவில் விரல் வைக்க விடவில்லை.

நிழல் சுவரோடு ஒட்டிய நேரத்தில் உள்ளிருந்து தாழ்ப்பாள் திறந்தது. என் மனைவி தலை வாரி, பொட்டு வைத்து, பெட்டியோடு நின்றாள்.

“நித்திரை கொண்டனீரோ?”

“ஓம். நல்ல நித்திரை. எழும்பிக் கொஞ்ச நேரமாச்சு.”

பிரெஞ்சுப் பெண் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “ஆ! எவ்வளவு சுத்தம்!” என்றாள்.

நானும் பார்த்தேன். விரிப்பு நாலு மூலையும் இழுத்துச் செருகப்பட்டு, சுருக்கமில்லாமல் கிடந்தது. தலையணைகள் தட்டி நிமிர்த்தப்பட்டிருந்தன. துவாய்கள் மூன்றாக மடித்துக் கட்டிலின் கால்மாட்டில் இருந்தன.

“என்னப்பா இது?”

“வேறை ஆக்கள் படுக்கப் போயினமல்லே. அப்பிடியே போட்டுட்டு வாறதோ?”

பிரெஞ்சுப் பெண் அவளைப் பார்த்து, “மெர்சி, மதாம்,” என்று நன்றி சொன்னாள். கூலியில்லாமல் அறை தயாரான மகிழ்ச்சியோடு மனேஜர் தலையாட்டினான்.

நான் உள்ளே போனேன். விரிப்பை ஒரு மூலையில் பிடித்து இழுத்துக் கசக்கினேன், தலையணையைத் தரையில் எறிந்தேன், துவாய்களை உதறிப் போட்டேன்.

“உங்களுக்கென்ன விசரே!” என்றாள் அவள் வாசலில் நின்று.

“ஓம்,” என்று பெட்டியைத் தூக்கினேன்.