குன்னூர் கல்வட்டமும் என் தப்புக் கணக்கும்

போன சனிக்கிழமை குன்னூருக்குப் போனது ஊர் சுற்ற இல்லை, சண்டை போட. அங்கே ஒரு தேயிலை எஸ்டேட்டில் இரண்டு பழங்காலக் கல்வட்டங்கள் உண்டு. போன வருடம் இதே வலைப்பதிவில், மேட்டில் இருப்பது 'அபூர்வம், தவறவிடாதீர்கள்' என்றும், ஓடையோரத்தில் இருப்பது 'பெரிய விசேஷமில்லை' என்றும் எழுதியிருந்தேன். இப்போது ஓடையோரத்துக் கற்களைப் பெயர்க்கிறார்கள் என்று ஒரு வாசகர் சொன்னார். விசேஷமில்லை என்றால் பெயர்த்துவிடுவதா?

கோவையில் காலை 6.10 பஸ், குன்னூர் சேர 9.05. அங்கிருந்து 14 கி.மீ., ஜீப்புக்கு 700 ரூபாய். ஜீப் ஓட்டிய ராஜன் முன்பு அதே எஸ்டேட்டில் கொழுந்து எடை போட்டவர்.

வழியெல்லாம் அவரிடம் பொருமிக்கொண்டே போனேன். வயதைக் கணிக்கத் தோண்டியெடுத்ததில், மேட்டில் கிடைத்த ஒரு கரித்துண்டு, அங்குள்ள மற்ற கரித்துண்டுகளின் சராசரி வயதைவிட 450 ஆண்டு பழையது. ஓடையோரத்தில் கிடைத்த ஒன்று, அங்குள்ள சராசரியைவிட 140 ஆண்டுதான் பழையது. அதை வைத்துத்தான் அப்படி எழுதினேன் என்றேன்.

"அதெப்படிங்க மேடம்?" என்றார் ராஜன். "சீசன்ல ஒருத்தருக்கு பத்து கிலோ கூட வந்தா நான் நிமிந்துகூடப் பாக்கமாட்டனுங்க. அப்ப எல்லாருக்குமே ஏறும் எறங்கும். பனிக்காலத்துல எல்லாரும் ஒரே அளவாத்தான் கொண்டுவருவாங்க. அப்ப நாலு கிலோ கூட வந்துச்சுன்னா தராச ரெண்டு தடவ பாப்பனுங்க."

எனக்குச் சுருக்கென்றது. இதற்குப் பெயர் இசட் ஸ்கோர். வித்தியாசத்தை மட்டும் பார்க்கக்கூடாது. அந்த இடத்துத் தேதிகள் வழக்கமாக எவ்வளவு சிதறுகின்றனவோ, அந்தத் திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். பள்ளியில் வருடா வருடம் நானே நடத்தும் பாடம்! பார்க்க வருபவர்களுக்கு எஸ்டேட்டில் தரும் நோட்டீஸ் பையிலேயே இருந்தது, அதன் கடைசிப் பக்கத்தில் எல்லாத் தேதிகளும் இருந்தன. போன வருடம் அந்தப் பக்கத்தை நான் புரட்டவே இல்லை. ஜீப்பிலேயே கணக்குப் போட்டேன். மேட்டில் சிதறல் 300 ஆண்டு. 450ஐ வகுத்தால் ஒன்றரை. ஓடையோரத்தில் வெறும் 40. 140ஐ வகுத்தால் மூன்றரை. அபூர்வம் ஓடையோரத்தில்தான் இருந்தது. சோதனையில் நேர்ந்த பிழையாகவும் இருக்கலாம். அதற்காகவே மறுபடி தோண்டிப் பார்த்திருக்க வேண்டும்.

10 மணிக்கு ஓடையோரத்தில் போய் இறங்கினோம். வட்டமே இல்லை. மண்ணைச் சமமாக நிரவி, அந்தக் கற்களையே ஓரத்தில் சுவராக அடுக்கியிருந்தார்கள். மேனேஜரைப் பிடித்துக் கத்தினேன். அவர் கோபப்படவில்லை, போனை எடுத்துக் காட்டினார்.

"விசேஷமில்லைன்னு எழுதுனது நீங்கதானுங்களே மேடம்? இதக் காட்டித்தானுங்க ஓனர்கிட்ட சம்மதம் வாங்குனோம்."

அவர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. என்மேல் அதைவிட அதிகம். பழைய பதிவை அழிக்கவில்லை, இருக்கட்டும். எந்த ஊர்க் கல்லைப் பார்க்கப் போனாலும் நோட்டீஸின் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு வாயைத் திறங்கள்.

போகிறவர்களுக்கு: 11 மணிக்குள் போய்விடுங்கள், பிறகு மூடுபனி இறங்கிவிடும். ஸ்வெட்டர் அவசியம். ஓடையோரத்தில் கார் நிறுத்த இடம் தாராளமாக இருக்கிறது. அது நான் கொடுத்த இடம்.