உப்புச் சாக்கில் வைத்த மண்

சின்ன வயதில் மண் தின்று அடி வாங்கியவள் நான். முதலமடையில் எங்கள் மாந்தோப்பில் எந்த இடத்து மண்ணை நாக்கில் வைத்தாலும், இது கிணற்றோரம், இது ஆடு அடைத்த இடம் என்று சொல்லிவிடுவேன். அம்மா விளக்குமாற்றை எடுத்த பிறகுதான் அந்தப் பழக்கம் நின்றது. எழுபதுகளின் நடுவில் பெருமாட்டிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது, "அங்க போயும் மண்ணத் தின்னு மானத்த வாங்கீராத" என்று சொல்லித்தான் வண்டி ஏற்றினாள்.

புகுந்த வீட்டில் தென்னந்தோப்பு. தோப்பை ஒட்டி அரை ஏக்கர் மிளகாய். மிளகாய் விதையை வெளியே பாத்தியில் தூவினால் எறும்பு இழுத்துக்கொண்டு போய்விடும், மிச்சத்தைக் கோழி கிளறிவிடும். அதனால் வாய் உடைந்த சட்டி, அடி ஓட்டையான பானை எல்லாவற்றிலும் மண் நிரப்பி, மாடும் வண்டியும் நிற்கிற சாளைக்குள் வரிசையாக வைத்து நாற்று விடுவார்கள். விதை தூவுவது மாமியார். அவருக்குக் கைராசி உண்டு என்பது ஊரே ஒத்துக்கொண்ட விஷயம். அக்கம்பக்கத்தில் பூசணி விதை ஊன்றக்கூட அவரைக் கூப்பிடுவார்கள்.

இரண்டாம் வருஷம் அவராகவே, "இந்தத் தடவ நீ விடு அம்மிணி, பழகிக்கோ" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் வழக்கம், மழை விழுந்த அன்றைக்கு அவசர அவசரமாக மண் வெட்டி, ஈர எருவோடு பிசைந்து சட்டியில் அப்புவது. அது சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. சித்திரையிலேயே காய்ந்த மண்ணைச் சலித்து, கலந்து, தயாராக எடுத்து வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பத்து நாள் அதுதான் எனக்கு விளையாட்டு. செம்மண் மட்டும் போட்ட சட்டி வெயிலில் பாளம் பாளமாக வெடித்தது. எரு கூடிய சட்டியில் காளான் முளைத்தது. மணல் கூடியதில் ஊற்றிய தண்ணீர் அடுத்த நிமிஷம் அடியில் வந்து நின்றது. கடைசியில் செம்மண் இரண்டு கூடை, ஆற்று மணல் ஒரு கூடை, பழைய எரு ஒரு கூடை என்று பிடிபட்டது. கையில் அமுக்கினால் உருண்டையாக நிற்கவும் வேண்டும், ஒரு விரலால் தட்டினால் உதிர்ந்துவிடவும் வேண்டும். அந்தப் பதம் வந்த அன்று கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மண்ணுதானே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

எனக்குச் சலித்துக் கொடுத்தது சின்னம்மா. மாமனாரின் தங்கை. கல்யாணமான மூன்றாம் வருஷமே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். நான் அந்த வீட்டுக்குப் போன சமயத்தில் அவருக்கு நாற்பதுக்குள்தான் இருக்கும். வீட்டில் எல்லா வேலையும் அவர் தலையில்தான். விதையை மட்டும் தொட மாட்டார். அது ஏன் என்று நான் கேட்டதில்லை. வீட்டில் சொல்லவும் இல்லை.

கலந்த மண்ணை எதில் போட்டு வைப்பது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது வழி சொன்னவரும் அவர்தான்.

"நெல்லுச் சாக்குல எலி ஓட்ட போட்டிருக்குது. அட்டத்துல உப்புச் சாக்கு கெடக்குது பாரு. அதுல போட்டு வெய்யி. மண்ணு காயவே காயாது. நானும் அதுலதான் வெச்சேன்."

"எப்பங்க சின்னம்மா?"

"அது ஆச்சு, பதினாலு வருசம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

தென்னைக்கு உப்புப் போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். மழை பிடித்ததும் மரத்துக்கு இத்தனை படி என்று தூரைச் சுற்றிக் கல்லுப்பைக் கொட்டுவார்கள். மாந்தோப்பில் வளர்ந்த எனக்கு அது பெரிய வேடிக்கை. 'மரத்துக்கு உப்புப் போட்டு வேக வைக்கப் போறீங்களா?' என்று முதல் வருஷம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். உப்பு வந்த சாக்குகளை உதறி, கூரைக்குக் கீழே பரண்போல இருந்த அட்டத்தில் போட்டிருந்தார்கள். நானும் இன்னொரு தடவை உதறி, மண்ணை நிரப்பினேன். கொள்ளாத மிச்சத்தை ஒரு பழைய கூடையில் போட்டு மூலையில் தள்ளினேன்.

சின்னம்மா சொன்னது அப்படியே பலித்தது. கூடை மண் நாலே நாளில் காய்ந்து மாவாகிவிட்டது. சாக்கு மட்டும் வைகாசிப் புழுக்கத்தில் எப்போது தொட்டாலும் பிசுபிசுவென்று ஈரமாக இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்காமல் இது எங்கிருந்து வருகிறது என்று எனக்கு ஆச்சரியம். ஆச்சரியப்பட்டேனே தவிர, யோசிக்கவில்லை. ஈரத்தைக் கண்ட சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

நாள் பார்த்து எல்லாச் சட்டியிலும் சாக்கு மண்ணை நிரப்பி விதை விட்டேன். எட்டாம் நாள் முளைக்க வேண்டும். முளைக்கவில்லை. பன்னிரண்டாம் நாளும் இல்லை. பதினைந்தாம் நாள் மாமியார் சாளைக்கு வந்து வரிசையைப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மண்ணச் சலிச்சது ஆரு?" என்று மட்டும் கேட்டார். சின்னம்மா என்றேன்.

"அதான பாத்தேன். அவ கை பட்டா எங்க மொளைக்கும்?"

கதை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. திரும்பி வந்த வருஷம் சின்னம்மாவும் ஆசையாக நாற்று விட்டாராம். ஒரு விதைகூட முளைக்கவில்லையாம். புருஷனை விழுங்கிய கை, விதையையும் விழுங்கிவிட்டது என்று சொல்லி அன்றோடு விதைப் பெட்டிப் பக்கம் விடாமல் வைத்துவிட்டார்கள். இப்போது என் நாற்றும் போனதில் மாமியாருக்குப் பயம் வந்துவிட்டது. "மிச்ச வெதையப் போடறதுக்குள்ள அவ கோயிந்தாபுரத்துப் பெரியண்ணன் ஊட்டுக்குப் போயிரட்டும். மொளச்சப்பறம் வரட்டும்" என்றார். முளைத்த பிறகு யார் நினைவு வைத்துக் கூப்பிடப் போகிறார்கள்?

சின்னம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நாந்தான் தொட்டிருக்கக் கூடாது அம்மிணி. என்ற கை அப்படி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, இரண்டு சேலையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். எனக்கு மாமியார் மேல் வந்த கோபத்தைவிட இவர் மேல் வந்த கோபம்தான் அதிகம். இத்தனை சுலபமாகவா ஒத்துக்கொள்வது?

ஒரு சட்டியைக் கவிழ்த்துக் கிளறிப் பார்த்தேன். விதை அழுகியிருக்கும் என்று நினைத்தேன். அழுகவில்லை. எறும்பும் தின்னவில்லை. போட்டது போட்டபடியே, மஞ்சளாக, தூங்குவதுபோலக் கிடந்தது. சட்டியின் வெளிப்பக்கம் மட்டும் சுண்ணாம்பு பூசினதுபோல வெள்ளையாகப் பூத்திருந்தது. சுரண்டினேன். அம்மாவின் விளக்குமாறு நினைவுக்கு வந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன்.

"ஏம்புள்ள!" என்று பின்னால் ஒரு குரல். மாமியார். நான் துப்புவதற்குள் ஓடி வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. "எத்தன நாளாச்சு? சொல்லவேயில்ல பாரு கள்ளி!"

மண் தின்கிற மசக்கை என்று நினைத்துவிட்டார். இல்லையென்று புரிய வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "உப்புக் கரிக்குதுங்கத்தை, அதான் பாத்தேன்" என்றேன். அவர் கை தானாகக் கீழே இறங்கியது. "மண்ணுன்னா ஏதோ ஒரு ருசி இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாக்கில் ஒட்டியிருந்த உப்புதான் காற்றின் ஈரத்தையும் இழுத்து, விதையையும் முளைக்க விடாமல் செய்தது என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஆனால் அந்த ஏமாற்றத்தில் அவரிடம் நான் இனி உப்பைப் பற்றி வாய் கிழியச் சொன்னாலும் ஏறாது என்று தெரிந்துவிட்டது. முளைத்துக் காட்டினால்தான் உண்டு.

அன்று சாயங்காலமே ஒரு காரியம் செய்தேன். இரண்டு கொட்டாங்கச்சியில் அடியில் ஓட்டை போட்டேன். ஒன்றில் சாக்கு மண். இன்னொன்றில் மூலையில் கிடந்த கூடை மண். இரண்டும் ஒரே நாளில் ஒன்றாகக் கலந்தது, இரண்டும் சின்னம்மா சலித்தது, வைத்த இடம்தான் வேறு. முதல் கொட்டாங்கச்சியை மாமியாரிடம் நீட்டி, "உங்க கையால பத்து வெதை போட்டுக் குடுங்கத்தை, ராசி திரும்பட்டும்" என்றேன். சந்தோஷமாகப் போட்டுக் கொடுத்தார்.

சின்னம்மாதான் பாடாய்ப் படுத்தினார். "வேண்டாம் அம்மிணி, பாவத்தக் கட்டிக்காத" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நீங்கள் போடாவிட்டால் இன்று சோறு தின்ன மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, சுடுகிற பொருளைப் போடுவதுபோலப் பத்து விதையையும் போட்டார். பத்து நாள் கழித்துப் போகலாம் என்று அவரையும் நிறுத்தி வைத்தேன். என் நாற்று போன கவலை அப்போது எனக்கு இல்லவே இல்லை. அந்தக் கொட்டாங்கச்சி முளைக்காவிட்டால் இவர் முகத்தில் எப்படி முழிப்பேன் என்பதுதான் பயம்.

ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய்ப் பார்த்தேன். சின்னம்மா சாளைப் பக்கமே வரவில்லை. ஒன்பதாம் நாள் காலை, கூடை மண்ணில் கொக்கிபோல வளைந்த வெள்ளைத் தண்டு ஒன்று மண்ணைத் தூக்கிக்கொண்டு நின்றது. மத்தியானத்துக்குள் நாலு. மறுநாள் ஒன்பது.

மற்றதில் ஒன்றும் இல்லை. இரண்டு கொட்டாங்கச்சியையும் கொண்டுபோய் மாமியார் முன்னால் வைத்தேன். அவர் பச்சையைப் பார்க்கவில்லை. தான் விதைத்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ற கைக்கு என்னடி வந்துச்சு?" குரல் நடுங்கியது.

அந்த நடுக்கத்தைக் கேட்டதும் எனக்கு ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? உடனே பாவமாகவும் இருந்தது. "கைக்கு ஒண்ணுமில்லீங்கத்தை" என்று சொல்லி, உப்புச் சாக்கைக் கொண்டுவந்து போட்டேன். இந்தத் தடவை அவரே விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுளித்தது. துப்பிவிட்டு, "இதுலயா வெச்சே?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் சின்னம்மா வந்துவிட்டார். முளைத்த கொட்டாங்கச்சி யாருடையது என்று அவருக்குத் தெரியும். குனிந்து ஒரு தண்டை விரல் நுனியால் தொட்டார், உடனே கையை இழுத்துக்கொண்டார். பிறகு சாக்கின் பக்கம் திரும்பி, அதன் மூலையை எடுத்து நாக்கில் வைத்து அப்படியே நின்றார்.

"நானும் இதுலதான் வெச்சேன்" என்றார். "பதினாலு வருசம். ஆரும் ஒரு தரம் நாக்குல வெச்சுப் பாக்கலியே." சாக்கைக் கீழே போட்டார். "நானும் பாக்கலியே."

மாமியார் எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் விதைப் பெட்டி இருந்தது. அதைச் சின்னம்மாவின் காலடியில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

சின்னம்மா பெட்டியைத் தொடவில்லை. "மொதல்ல மண்ணக் கொண்டா அம்மிணி" என்றார். கூடையைக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகச் சுவைத்தார். அதற்குப் பிறகுதான் விதைப் பெட்டிக்குள் கையை விட்டார்.