யாக்கோபு சொன்ன சாட்சி

யாக்கோபுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எஸ்டேட் இங்கிலீஷ்தான். மஸ்டர், ஓவர்டைம், சிக் லீவு. சின்னக்கானலில் எங்கள் தேயிலை ஃபேக்டரியின் மேல்மாடியில் பச்சை இலையை வாடப்போடுவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் சபையில் கோயில்பிள்ளை. மணி அடிப்பார், பாய் விரிப்பார், காணிக்கைப் பையை வரிசை வரிசையாக நீட்டுவார். குடி கிடையாது, பீடி கிடையாது. சம்பள நாளில் எங்கள் லயத்து வரிசைவீட்டு ஆம்பளைகளில் பாதிப்பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு வீடு சேரும்போது இவர் மட்டும் கையில் மீனோடு நேராக நடந்து வருவார். நான் அங்கே ஆபீஸ் கிளார்க், அடுத்த வீடு. இவ்வளவு நல்லவர் ஒருத்தர் பக்கத்தில் குடியிருந்தால் நமக்குத்தான் வீட்டில் பேச்சு விழும். அதனால் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட உண்டு.

ஒரே மகன் சிஜு. மலைக்குக் கீழே ஒரு வேதாகமக் காலேஜில் படித்தான். வருஷத்துக்கு ஒரு மாணவனை அங்கிருந்து ஒரு செமஸ்டர் அமெரிக்காவுக்கு அனுப்புவார்கள், பைபிளும் ஊழியமும் படிக்க. போன வருஷம் சிஜுவைத் தேர்ந்தெடுத்தார்கள். விசாவுக்காகச் சபையே உபவாசம் இருந்தது. நானும் ஒரு வேளை இருந்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் கேஸ் தீர்ந்திருந்தது.

அவன் போய்ச் சேர்ந்த சில மாதத்தில் காலேஜிலிருந்து ஒரு வீடியோ வந்தது. சிஜு ஏதோ ஒரு பெரிய சபையில் மைக் பிடித்துப் பேசுகிறான். எங்கள் பாஸ்டர் அதை எல்லோர் ஃபோனுக்கும் தட்டிவிட்டார். யாக்கோபு ஃபோனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், எம் மவன் பேசுதான். ஃபாதர், ஃபாதர்னு நாலஞ்சு தடவ சொல்லுதான். என்னயத்தான சொல்லுதான்? என்னன்னு கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். 'என் தகப்பன் குடிகாரன். தினமும் குடித்துவிட்டு வந்து என் தாயை அடிப்பான். நான் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு ஜெபிப்பேன். என் ஜெபத்தால்தான் அவன் மனந்திரும்பினான்.' பின்னால் திரையில் அவன் தாய் கத்தரீனாளின் ஃபோட்டோ, நெற்றித் தழும்பு தெரியும்படி பெரிதாக்கிப் போட்டிருந்தது. அது மழையில் இலைச் சாக்கோடு சரிவில் வழுக்கி, கல்லில் மோதி வந்த தழும்பு. தூக்கிக்கொண்டு ஓடினவர்களில் நானும் ஒருத்தன்.

நல்லா பேசுறான் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த மனுஷன் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பையன்மேல் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

யாக்கோபு கேட்டுக்கொண்டார். "கத்தரீனா நெத்தியவா சொல்லுதான்?" என்றார்.

"ஆமா."

"அது வழுக்கி விழுந்ததுல்லா." ஃபோனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு, "அந்தக் கோயில்ல எம்புட்டுப் பேர் இருப்பாக சார்?" என்று கேட்டார்.

பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அதற்குப்பிறகு அவர் அப்படித்தான் இருந்தார். அழவில்லை, கோபப்படவில்லை. வேலைக்கு வந்தார், போனார். கத்தரீனாள் குழம்பில் உப்பு போட மறந்த அன்று அதையும் பேசாமல் சாப்பிட்டாராம். அந்த அம்மாதான் சொல்லி அழுதாள்.

ஊர் சும்மா இருக்குமா? எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ் சிஞ்சுவுக்கு இங்கிலீஷ் தெரியும். அவள் வழியாக விஷயம் ஏழு லயத்துக்கும் போனது. இருபது வருஷமாக அவரைப் பார்த்த ஆட்களே, "கதவச் சாத்துன பெறகு என்ன நடந்துச்சுன்னு யாரு கண்டா? நெருப்பில்லாம பொகையுமா?" என்றார்கள். அந்த இருபது வருஷத்தில் மாதாமாதம் குடித்துவிட்டு விழுந்தவர்கள்தான் இதை ரொம்பச் சத்தமாகச் சொன்னார்கள்.

செமஸ்டர் முடிந்து சிஜு வந்தான். தகப்பன் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பெட்டியை வாங்கித் தூக்கிக்கொண்டு வந்தார். சிஜு நாலடி பின்னால் நடந்து வந்தான். மறுநாள் நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். ஏன்டா இப்படிச் செய்தாய் என்றேன்.

"அங்க ஆளுக்கு ஒரு கதை இருக்கு சார். ஒருத்தன் ஜெயில்ல இருந்தவன், ஒருத்தன் சாகக் கெடந்து பொழச்சவன். கர்த்தர் தன்னை எப்படி மாத்துனார்னு எல்லாரும் சாட்சி சொல்லணும். நான் என்னத்தச் சொல்ல? சண்டே ஸ்கூல் போனேன், வசனம் ஒப்பிச்சேன், சோப்பு டப்பா பரிசு வாங்குனேன். மொத சபையில அதத்தான் சொன்னேன். நல்லதுன்னுட்டு காப்பி குடிக்கப் போயிட்டாங்க." தரையைப் பார்த்தபடியே சொன்னான். "அடுத்த சபையில ஒரு தடவதான் மாத்திச் சொன்னேன். எல்லாரும் அழுதுட்டாங்க. பெறகு போன எடமெல்லாம் அதையே சொல்லச் சொன்னாங்க."

அவன் குரலிலும் உயிர் இல்லை. அறையலாம் என்று போனவன், கையைக் கட்டிக்கொண்டு திரும்பினேன்.

சிஜுவை ஆனைகட்டிப் பக்கம் ஊழியத்துக்கு அனுப்புவதாகப் பேச்சு. அதற்கு உதவி செய்கிற அமெரிக்கத் தம்பதி, மனந்திரும்பின அந்தத் தகப்பனை நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. பாஸ்டர் பதறிப்போய் யாக்கோபைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

"குடிச்சது நெசம்னா சபையை ஏமாத்தினதா ஆகும், கோயில்பிள்ளையா இருக்க முடியாது. பொய்னா சிஜுவக் காலேஜ்லருந்தே எடுத்துருவாங்க. எது யாக்கோபு?"

"ஞாயித்துக்கெழம சொல்லுதேன் ஐயா" என்றார் அவர்.

வரும் வழியில் நான், "உண்மையைச் சொல்லிருங்க. இந்த மலையில உங்ககிட்ட இருக்கிற ஒரே சொத்து உங்க பேருதான்" என்றேன். தலையாட்டினார். அவருக்குக் கேட்டதா என்றே தெரியவில்லை.

ஞாயிறு சபை நிரம்பியது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் தவிர அந்தப் பக்கம் போகாத நானும் போனேன். அமெரிக்கத் தம்பதி முன் வரிசையில். அந்த அம்மா கத்தரீனாளின் கையை விடாமல் பிடித்திருந்தாள். யாக்கோபு முன்னால் வந்து நின்றார். மொழிபெயர்க்கப் பக்கத்தில் சிஜு, கையில் மைக்.

"நான் குடிச்சேன்" என்றார் யாக்கோபு.

சிஜு அதை இங்கிலீஷில் சொன்னான். பிசிறில்லாமல் சொன்னான்.

"எம் பொண்டாட்டிய அடிச்சேன். அந்தத் தழும்பு நான் போட்டது."

அதையும் சொன்னான். அமெரிக்க அம்மா விம்மினாள். கத்தரீனாள் தலை நிமிரவே இல்லை. நான் பாதி எழுந்துவிட்டேன். என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பின்னாலிருந்து யாரோ, "நான் அப்பமே சொன்னேம்லா" என்றார்கள்.

யாக்கோபு முடிக்கவில்லை. சபையைப் பார்த்தார்.

"எம் மவனப் பத்தி என்னென்னமோ பேசுதீக. அவன் சின்னதுலருந்தே பொய் சொல்லத் தெரியாத புள்ள."

சொல்லிவிட்டு, இங்கிலீஷ் வரட்டும் என்று கைகட்டி நின்றார். வரவில்லை. முன் வரிசையில் இருவரும் சிஜுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகனுக்குச் சரியாகக் கேட்கவில்லை போல என்று நினைத்தாரோ என்னவோ, யாக்கோபு இன்னொரு முறை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"பொய். சொல்லத் தெரியாத. புள்ள."

சிஜுவின் கையிலிருந்த மைக் மெள்ளக் கீழே இறங்கியது.

"சொல்லுப்பா, காத்துட்டு இருக்காகல்லா" என்றார் யாக்கோபு.